ஜப்பான் இன்டர்ன்ஷிப்புக்கு ஏஜெண்டிடம் 9,500 வெள்ளி கட்டலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுவோம். பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் குடும்பம். நீங்கள் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறீர்கள். தங்கச்சி அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. வரும் மார்ச்சில் அவருக்கு 24 வார லத்திஹான் இன்டஸ்ட்ரி, அதாவது தொழிற்பயிற்சி, தொடங்குகிறது. கோலாலம்பூர் ஏஜெண்ட் ஒருவர் டோக்கியோவில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இடம் பிடித்துத் தருகிறேன் என்கிறார். மாதம் 80,000 யென் அலவன்ஸ் உண்டாம். அவருக்குக் கட்ட வேண்டியது 9,500 மலேசிய வெள்ளி (ரிங்கிட்). விசா இல்லாமலே இறங்கலாம், போன பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார். அம்மா சங்கிலியைப் பாஜாக் கடையில் அடகு வைக்கத் தயாராகிவிட்டார். கட்டலாமா வேண்டாமா என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொன்றும் இருக்கிறது: பணத்துக்குப் பயந்து தங்கச்சிக்கு வந்த வாய்ப்பை நாமே கெடுத்துவிடுவோமோ என்ற பதைப்பு. அதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் கணினித் துறை மாணவர்களின் தொழிற்பயிற்சியைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். கம்பெனிகளின் கடிதங்களைச் சரிபார்ப்பது, பயிற்சி இடத்துக்குப் போய்ப் பார்ப்பது, முடிவில் மாணவர்கள் தங்கள் வேலையைக் குறித்துவைக்கும் லாக் புத்தகத்தைத் திருத்தி மதிப்பெண் போடுவது எல்லாம் என் வேலை. நானும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். குடிநுழைவுச் சட்டத்தில் நான் வழக்கறிஞர் இல்லை. ஆகவே கீழே விசா பற்றிச் சொல்வதைத் தூதரகத்திலும் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். விதிகள் மாறக்கூடியவை.

பணம் கட்டாதீர்கள். ஏஜெண்ட் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை, அவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்ன வழியில் போனால், அவர் நல்லவராகவே இருந்தாலும் பயிற்சி முடியாது. காரணம் இதுதான். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் 2013-லிருந்து ஜப்பானுக்கு விசா இல்லாமல் போகலாம். அப்படிப் போனால் தங்கக் கிடைப்பது 90 நாள். 90 நாள் என்பது 13 வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. தங்கச்சிக்கு வேண்டியது 24 வாரம். பாதியைக் கொஞ்சம் தாண்டியதும் திரும்பி வர வேண்டியிருக்கும். துறை அதை முடித்த பயிற்சியாக ஏற்காவிட்டால் ஒரு பருவம் வீண். அதோடு, விசா இல்லாமல் இறங்குபவர் சட்டத்தின் கண்ணில் தற்காலிகப் பார்வையாளர். அவர் மாதாமாதம் அலவன்ஸ் வாங்கினால் அனுமதியில்லாமல் வேலை செய்ததாக ஆகும். ஜப்பானிலிருந்து நாடுகடத்தப்பட்டால், முதல் முறைக்கே 5 ஆண்டுகளுக்குத் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். 'போன பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்ற பேச்சை நம்பி ஒரு மாணவியை விமானம் ஏற்றக் கூடாது.

இதற்கு முறையான வழி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊதியத்துடன் பயிற்சி எடுக்க, ஜப்பானில் 'குறிப்பிட்ட செயல்பாடுகள்' என்ற வகையில் தங்கும் அனுமதி கொடுக்கிறார்கள். பயிற்சி பட்டப்படிப்பின் பகுதியாக இருக்க வேண்டும், கிரெடிட் கணக்கில் சேர வேண்டும். பல்கலைக்கழகத்துக்கும் ஜப்பானியக் கம்பெனிக்கும் இடையே ஒப்பந்தம் வேண்டும். காலம் ஒரு வருடத்துக்கு மேல் போகக் கூடாது. ஊதியம் இல்லாத பயிற்சி 90 நாளைத் தாண்டினால் அதற்கு 'கலாச்சாரச் செயல்பாடுகள்' என்று வேறு வகை இருக்கிறது. எந்த வகையானாலும், நீண்ட பயிற்சிக்கு வழக்கமாக ஜப்பானில் உள்ள கம்பெனிதான் முதலில் அங்குள்ள குடிநுழைவுத் துறையில், அங்கே தங்கத் தகுதியுண்டு என்று காட்டும் தகுதிச் சான்றிதழுக்கு மனுப் போடும். அது கைக்கு வர ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். வந்த பிறகுதான் இங்கே விசா. இதில் ஏஜெண்டுக்கு என்ன வேலை? மனுப் போடுவது கம்பெனி, ஒப்பந்தம் போடுவது பல்கலைக்கழகம். அந்த ஒப்பந்தத்தைப் பற்றித் தங்கச்சியின் துறைக்கு இதுவரை யாரும் ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பவில்லை என்றால், பயிற்சிக்கான ஏற்பாடு இன்னும் தொடங்கவே இல்லை என்றுதான் பொருள்.

கம்பெனி கொடுத்தது என்று ஏஜெண்ட் ஒரு கடிதம் காட்டினால் அதை நீங்களே படித்துப் பாருங்கள். நான் பார்க்கும் இடங்களைச் சொல்கிறேன். முதலில் அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரி. கம்பெனியின் சொந்தப் பெயரில் இருக்கிறதா, யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய ஜிமெயில் கணக்கா? பிறகு தங்கச்சிக்குப் பொறுப்பாக இருக்கப்போகிறவரின் பெயரும் பதவியும். 'எங்கள் குழு வழிகாட்டும்' என்று மட்டும் எழுதியிருந்தால் யாரும் வழிகாட்டப்போவதில்லை. அடுத்து வேலை என்ன என்ற வரி. 'ஐ.டி. தொடர்பான பணிகள்' என்று பொதுவாக இருந்தால் எனக்குச் சந்தேகம். 'எங்கள் சரக்கு இருப்புச் செயலியில் சோதனைக் குறியீடு எழுதுவது' என்று இருந்தால், உள்ளே உண்மையில் வேலை தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று தெரியும். தொடங்கும் தேதி, முடியும் தேதி, வாரத்தில் எத்தனை மணி நேரம், தங்குமிடம் யார் பொறுப்பு, விபத்தோ நோயோ வந்தால் காப்புறுதி யாருடையது, இவை எழுத்தில் வேண்டும். 80,000 யென்னில் வாடகையும் போக வேண்டுமா, வாடகை தனியா என்பதையும் கேளுங்கள். டோக்கியோவில் அறை எடுத்து அந்தப் பணத்தில் சாப்பிட்டு ரயிலேறுவது பெரும்பாடு. கம்பெனி தங்குமிடம் கொடுத்தால் சமாளிக்கலாம்.

ஏஜெண்டைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவில் ஆட்களை வேலைக்குச் சேர்த்துவிடும் தொழில் செய்ய 1981-ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் வேண்டும். இது நிச்சயம். லைசென்ஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, தொழிலாளர் துறையில் சரிபாருங்கள். 'இது பயிற்சிதானே, வேலை இல்லையே, எனக்கு லைசென்ஸ் எதற்கு?' என்று அவர் வாதாடக்கூடும். அந்த வாதம் நிற்குமா என்பதைச் சட்டம் படித்தவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் எண்ணைக் கேட்டவுடன் குரல் மாறினால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் என்று நெருக்குவதும் எனக்குப் பிடிக்கவில்லை. தகுதிச் சான்றிதழுக்கே மாதக்கணக்கில் காத்திருக்கும் ஓர் ஏற்பாட்டில் இந்த அவசரக் கெடு எங்கிருந்து வந்தது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், அம்மாவுக்கு இதைக் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள். கடந்த சில ஆண்டுகளில் 'ஐ.டி. வேலை', 'கஸ்டமர் சர்வீஸ்' என்று நம்பிப் போன மலேசிய இளைஞர்கள் பலர் மியன்மாரிலும் கம்போடியாவிலும் உள்ள இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். தாய்லாந்தின் மே சோட் எல்லை வழியாக மியாவடிக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. அவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள். ஆகவே, யார் ஏற்பாடு செய்த பயணமானாலும், கடைசி நேரத்தில் 'முதலில் பாங்காக் போங்கள், அங்கிருந்து எங்கள் ஆள் அழைத்துப் போவார்' என்று வழி மாறினால் அன்றே நிறுத்திவிடுங்கள். கடப்பிதழை யார் கேட்டாலும், முதலாளியே கேட்டாலும், ஒப்படைக்கக் கூடாது.

சரி, அப்படியென்றால் வெளிநாட்டுப் பயிற்சியே வேண்டாமா? அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. தகுதியான இடம் கிடைத்தால் போகத்தான் வேண்டும். நான் மாணவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: பயிற்சிக்கு நாம் காசு கட்டக் கூடாது, கூப்பிடுகிறவர்கள் செலவை ஏற்க வேண்டும். உண்மையிலேயே அந்த மாணவி தேவைப்படுகிற இடம் செலவைப் பகிர்ந்துகொள்ளும். ஜப்பான்தான் வேண்டுமென்றால், ஒக்கினாவாவில் உள்ள அறிவியல் தொழில்நுட்பப் பட்டக்கல்விக் கழகம், சுருக்கமாக ஓ.ஐ.எஸ்.டி., உலகெங்கும் உள்ள மாணவர்களை ஆய்வுப் பயிற்சிக்கு எடுக்கிறது. பயணச் செலவும் தங்குமிடமும் தினப்படியும் அவர்களே கொடுக்கிறார்கள். சவூதி அரேபியாவில் துவால் என்ற இடத்தில் உள்ள மன்னர் அப்துல்லா பல்கலைக்கழகத்தில் மூன்று முதல் ஆறு மாத வருகை மாணவர் திட்டம் இருக்கிறது. அங்கேயும் விமானச் சீட்டு, தங்குமிடம், மாத உதவித்தொகை எல்லாம் உண்டு. போட்டி கடுமை, மதிப்பெண் நன்றாக இருக்க வேண்டும். தைவானின் கல்வி அமைச்சு நடத்தும் டீப் என்ற திட்டத்தையும் பார்க்கலாம். இந்தியாவில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் இன்ஸ்டெப் வெளிநாட்டு மாணவர்களையும் எடுக்கும் பயிற்சி. ஒரு சிக்கல் மட்டும் கவனிக்க வேண்டும். ஓ.ஐ.எஸ்.டி., துவால் போன்றவை ஆய்வுக்கூடப் பயிற்சிகள். 'தொழில்துறைப் பயிற்சி' என்ற பெயரில் சில துறைகள் இவற்றை ஏற்கும், சில ஏற்காது. மனுப் போடுவதற்கு முன்பே துறையின் பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும்.

எந்த நாடானாலும் வாரக்கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருப்பதால் பலரும் சிங்கப்பூரைக் கேட்கிறார்கள். அங்கே மாணவர்களுக்கான பயிற்சி வேலை அனுமதி அதிகபட்சம் மூன்று மாதம், புதுப்பிக்க முடியாது. 24 வாரத்துக்கு அது போதாது. ஆறு மாதம் வரை கொடுக்கும் பயிற்சி வொர்க் பெர்மிட் என்று வேறொன்று உண்டு. ஆனால் அதற்குக் கம்பெனியிடம் வெளிநாட்டு ஊழியர் கோட்டா இருக்க வேண்டும், லெவி என்ற அரசாங்கக் கட்டணமும் கட்ட வேண்டும். சிறிய கம்பெனிகள் அதோடு பின்வாங்கிவிடும். அமெரிக்காவில் ஜே-1 இன்டர்ன் விசா 12 மாதம் வரை கிடைக்கும், காலம் ஒரு பிரச்சினை இல்லை. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட ஸ்பான்சர் அமைப்பு வேண்டும், எந்தக் கட்டத்தில் என்ன கற்றுக்கொடுப்பார்கள் என்பது வரை எழுதிய பயிற்சித் திட்டம் வேண்டும், செவிஸ் என்ற பதிவுக் கட்டணமே 220 டாலர், பிறகு தூதரகத்தில் நேர்காணல். தோட்டத்துக் குடும்பத்துக்கு அது கைக்கு எட்டாத செலவு, முழு உதவி கிடைத்தால் ஒழிய.

வெளிநாட்டில் பயிற்சி எடுத்தால் வேலை சீக்கிரம் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். இதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது குறைவு. நாட்டின் பெயரைப் பார்த்து நேர்காணலுக்குக் கூப்பிடும் முதலாளிகள் இருக்கிறார்கள். கூப்பிட்ட பிறகு கேட்பது 'அங்கே நீ என்ன செய்தாய்?' என்பதுதான். நான் திருத்தும் லாக் புத்தகங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் 'சீனியருக்கு உதவினேன், கூட்டத்தில் கலந்துகொண்டேன்' என்று பக்கம் பக்கமாக இருக்கும். இன்னொன்றில் 'மாதக் கணக்கு அறிக்கை திறக்கத் தாமதமானது ஏன் என்று பார்த்தேன், ஒரே அட்டவணையை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தது, இன்டெக்ஸ் போட்டதும் சரியாயிற்று' என்று இருக்கும். இரண்டாவது புத்தகம் ஈப்போவில் உள்ள ஒரு சின்னக் கம்பெனியிலிருந்து வந்தாலும், அந்த மாணவருக்குப் பேச விஷயம் இருக்கிறது. முதல் புத்தகம் டோக்கியோவிலிருந்து வந்தாலும் பத்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். மொழியும் இதில் சேர்ந்தது. ரகுத்தென் போல ஆங்கிலத்தை அலுவலக மொழியாக்கிய ஜப்பானியக் கம்பெனிகள் சில உண்டு, ஆனால் பல இடங்களில் கூட்டமும் குறிப்பும் ஜப்பானிய மொழியில்தான். தங்கச்சிக்கு அது தெரியாது என்றால், நல்ல மனிதர்கள் நடுவிலும் ஆறு மாதம் ஊமையாக உட்கார்ந்துவிட்டு வர நேரலாம்.

அதனால் பினாங்கைக் குறைவாக நினைக்காதீர்கள். பாயான் லெப்பாஸில் இன்டெல் தொழிற்சாலை போட்டது 1972-இல். அதே ஆண்டு ஏ.எம்.டி.யும் ஹியூலட் பேக்கர்டும் வந்தன. இன்று அங்கே சில்லு வடிவமைப்பு, சோதனை மென்பொருள், தரவு வேலை எல்லாம் நடக்கிறது. பக்கத்துக் கெடா மாநிலத்தில் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் சில்லு நிறுவனமான இன்ஃபினியோன் இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் பயிற்சி எடுக்கும் மாணவி, காலையில் இங்குள்ள குழுவோடும் இரவில் ஐரோப்பா, அமெரிக்கக் குழுக்களோடும் வேலை செய்யப் பழக முடியும். அலவன்ஸும் கிடைக்கும். சுங்கை சிப்புட்டில் ரயில் ஏறினால் பட்டர்வொர்த், மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து போகலாம். 24 வாரமும் சிக்கலில்லாமல் முடியும். என் தங்கச்சியாக இருந்தால் இந்த மார்ச்சுக்குப் பினாங்கைத்தான் சொல்வேன். வெளிநாட்டை அதற்கடுத்த விடுமுறைக்கோ, பட்டம் முடிந்த பிறகு மேற்படிப்புக்கோ குறிவைக்கலாம். இது என் அபிப்பிராயம், தங்கச்சியின் மனதைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மனுப் போடும்போது தோட்டத்துப் பிள்ளைகள் தங்கள் ரெஸ்யூமில் எழுத ஒன்றுமில்லை என்று கூசுகிறார்கள். அது தேவையில்லை. நீங்கள் ஆலையில் இருக்கிறீர்கள். பழக்குலை ஏற்றி வரும் லோரி எடைமேடையில் ஏறுகிறது, மொத்த எடை பதிவாகிறது, இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெறும் லோரியின் எடை, இரண்டையும் கழித்துச் சீட்டு. எந்த வயல், எந்த லோரி, பழம் எப்படி, காத்திருந்த நேரம் எவ்வளவு என்று அதில் எத்தனை விவரம்! ஆலையின் உண்மையான கணக்கைத் தொடாமல், அதே மாதிரியில் கற்பனை எண்களைப் போட்டு, லோரி வரிசையைக் கணிக்கும் ஒரு சின்னச் செயலியைத் தங்கச்சி எழுதி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போடட்டும். நீங்கள் உட்கார்ந்து அவருக்கு வேலை நடக்கும் முறையை விளக்குங்கள். பாடப்புத்தகத்தில் வரும் நூலக மேலாண்மைச் செயலியை எல்லோரும் போடுகிறார்கள். நேர்காணல் செய்பவர் எடைமேடைச் செயலியைப் பார்த்தால் நிமிர்ந்து உட்கார்ந்து கேள்வி கேட்பார், அவருடைய ஒவ்வொரு கேள்விக்கும் தங்கச்சியிடம் பதில் இருக்கும். தோட்டத்தில் இணைய லைன் விட்டுவிட்டு வந்தால், வீடியோ நேர்காணலன்று டவுனில் உறவினர் வீட்டிலோ நூலகத்திலோ முன்கூட்டியே இடம் பார்த்துவையுங்கள். நல்ல பிள்ளைகள் லைன் அறுந்து தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன்.

பணம் வேண்டியிருந்தால் சங்கிலியைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டிய கதவுகள் உண்டு. பல்கலைக்கழகத்தின் அனைத்துலக அலுவலகத்தில் மாணவர் பயண உதவி இருக்கிறதா என்று முதலில் கேட்கட்டும். உங்கள் தாத்தா பாட்டி காலத்தில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியிருக்கிறார்களா என்று வீட்டில் பழைய காகிதங்களைத் தேடுங்கள். நம் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய சங்கம் அது, தோட்டத் தொழிலாளர்களின் காசில் வளர்ந்தது. உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி பற்றி அங்கே கேட்பதில் கூச்சம் வேண்டாம். ம.இ.கா. கட்சியின் கல்வி நிறுவனமான எம்.ஐ.இ.டி.யின் கல்விக் கடனையும் விசாரிக்கலாம். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் பணத்தை வெளிநாட்டுச் செலவுக்கு நம்பாதீர்கள். அது இங்கே படிக்கும் செலவுக்கென்று கணக்கிட்ட கடன், இங்கேயே இழுத்துப் பிடித்துத்தான் செலவு செய்ய வேண்டியிருக்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது சின்ன வேலை. ஏஜெண்டிடம் முன்பணம் கட்டாமல், கம்பெனியின் முகவரியை மட்டும் வாங்குங்கள். தங்கச்சி தன் பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து கம்பெனிக்கு நேரடியாக எழுதட்டும், ஒருங்கிணைப்பாளருக்கும் நகல் போகட்டும். கேட்க வேண்டியது: எனக்கு நீங்கள் இடம் கொடுத்திருப்பது உண்மையா, எந்த வகை விசாவுக்குத் தகுதிச் சான்றிதழ் மனுப் போடுவீர்கள், எங்கள் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போடத் தயாரா, எனக்குப் பொறுப்பானவர் யார். உண்மையான கம்பெனியாக இருந்தால் சில நாளில் பதில் வரும், இந்தக் கேள்விகளுக்காக யாரும் கோபப்பட மாட்டார்கள். நல்ல பதிலாக வந்து, பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டால், ஏஜெண்ட் இல்லாமலே போகலாம். அப்போது போகும் முன் வெளியுறவு அமைச்சின் இ-கொன்சூலர் தளத்தில் தங்கச்சியின் பெயரைப் பதிந்துவிடுங்கள், தங்குமிட முகவரியும் பொறுப்பாளரின் எண்ணும் அம்மாவின் கைப்பேசியில் இருக்கட்டும்.

பதில் வந்ததும் தங்கச்சியின் பெயரையும் கடப்பிதழ் எண்ணையும் மறைத்துவிட்டுக் கடிதத்தை இங்கேயே போடுங்கள். வரி வரியாகப் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.